நாற்பத்தேழாம் மேசை காலி

ஏணியும் கருவிப் பையுமாக அந்த நான்கு மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்த முதல் நாளே ஏணியக்காவுக்குப் புரிந்துவிட்டது, இங்கே தான் வேண்டாத விருந்தாளி என்று. எலக்ட்ரீஷியன் வந்தால் எந்த அலுவலகத்திலும் ஒரு வரவேற்பு இருக்கும். "அக்கா, கையோட இந்த பிளக்கையும் கொஞ்சம் பாருங்க" என்று நாலு பேர் கூப்பிடுவார்கள்; ஒரு டீயாவது வரும். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒரு மேசைக்கு அடியில் தலையைக் கொடுத்தபோது, எதிரே இருந்த கால்கள் இரண்டும் நாற்காலிக்கடியில் விருட்டென்று ஒளிந்துகொண்டன.

பதினெட்டு வருடமாக ஏணி ஏறிப் பிழைக்கிறவள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர்தான் ஏணியக்கா. வீட்டுக்காரரே சில நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார். இந்த முறை அவளுடைய கம்பெனி எடுத்திருந்தது புது மாதிரி வேலை. தீப்பெட்டி அளவு வெள்ளைப் பெட்டி, அதன் முகத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புக் கண். உடம்புச் சூட்டை வைத்து நாற்காலியில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் சென்சார். மேசைக்கு ஒன்றாக நூற்றுப் பன்னிரண்டு மேசைகள். ஊழியர்கள் வரும் முன்பே வேலை முடிய வேண்டும் என்பது கட்டட மேலாளரின் கட்டளை. அதனால் தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, ஒட்டி, சோதித்துப் பார்த்து, பத்து மணிக்குள் மூட்டை கட்டிவிடுவாள்.

ஆனாலும் சீக்கிரம் வருகிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நான்காவது மாடிக்காரர். எதைப் பார்த்தாலும் உதட்டுக்குள் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பதால் மாடி முழுக்க அவருக்கு முணுமுணுப்பு என்றே பெயர். ஐந்தாம் நாள் அவர் வாய்விட்டே கேட்டார்.

"இது கேமராவாம்மா?"

"கேமரா இல்ல சார். சூடு மட்டும்தான் இதுக்குத் தெரியும். ஆள் இருந்தா இருக்காங்கன்னு சொல்லும். யாருன்னு தெரியாது."

"பேசறது கேக்குமா?"

"காது கிடையாது சார்."

"கிடையாதுன்னு சொல்லத்தானே உங்களை அனுப்பியிருக்காங்க" என்றார் அவர், சிரிக்காமல்.

"ஆள் இல்லாத இடத்துல விளக்கும் ஏசியும் ஓடாம இருக்கத்தான் இது. என் வார்த்தையை நம்புங்க."

அவர் நம்பினாரோ இல்லையோ, அவள் தன் வார்த்தையை நம்பித்தான் சொன்னாள். அதுதான் பிறகு அவளை உறுத்தியது.

அவரிடம் அவள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அவருக்கு அடுத்த மேசை, நாற்பத்தேழாம் எண், அவளுடைய நாத்தனாருடையது. வீட்டுக்காரரின் ஒரே தங்கை. புருஷனோடு ஒத்துப்போகாமல் இரண்டு வருடத்துக்கு முன்பு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வாடிக்கையாளர் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. இந்தக் கட்டடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஏணியக்கா வீட்டில் சொன்ன அன்றே நாத்தனார் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அண்ணி, அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

"ஏம்மா?"

"சும்மாதான்."

சும்மா என்ற சொல்லை ஏணியக்கா எப்போதும் நம்பியதில்லை. மின்சாரக் கம்பி சும்மா சுடாது. மனுஷரும் சும்மா மறைக்கமாட்டார்கள். ஆனாலும் சரி என்று தலையாட்டினாள். பத்து மணிக்குப் படிக்கட்டில் எதிர்ப்படும்போது இருவரும் வழியில் போகிறவர்களைப் போல விலகிக்கொண்டார்கள்.

வேலை முடிந்து மூன்று வாரம் கழித்து மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மேலிடத்திலிருந்து வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியே தலை நரைத்தவர். கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். திரையில் மாடி மாடியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஆள் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சாம்பல்.

"உங்க வேலை பிரமாதம். இந்த நாற்பத்தேழைப் பாருங்க. மதியம் ரெண்டு பத்துக்குப் போனா நாலு இருபதுக்குத்தான் சீட்டுக்கு வர்றாங்க. கிட்டத்தட்ட தினமும்."

ஏணியக்காவின் கண் திரையில் இல்லை. அதன் பக்கத்தில் கிடந்த தாளில் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு பெயர்.

"சார், இது கரன்ட் மிச்சம் பண்றதுக்குத்தானே?"

"ஆமா. ஆள் இல்லாத இடத்துக்கு விளக்கு எதுக்குன்னு முதல்ல கேட்டாங்க. ஆள் இல்லாத மேசையே எதுக்குன்னு இப்ப கேக்கறாங்க. நான் என்ன பண்ண?" அவர் ஒரு படிவத்தை நகர்த்தினார். "அந்தம்மாவுக்கு மெமோ குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை விசாரணை. சென்சார்ல கோளாறு எதுவும் இல்லைன்னு நீங்க ஒரு கையெழுத்து போடணும், அவ்வளவுதான்."

அன்று செவ்வாய்க்கிழமை. அவள் பேனாவை எடுக்கவில்லை. சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை என்று சொல்லி இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. மூன்று வாரமாக ஆட்களைச் சந்தேகிப்பதே வேலையாகிவிட்டவருக்கு இவளும் ஒரு கட்டமாகத் தெரிந்தாளோ என்னவோ. ஆனாலும் சரி என்றார். அந்த மேசையின் மூன்று வாரக் கணக்கை அச்செடுத்தும் கொடுத்தார்.

வீடு திரும்பும் பேருந்தில் அந்தத் தாளை அவள் நாலு முறை மடித்தாள், நாலு முறை பிரித்தாள். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். அவ்வளவு நேரம் தினமும் எங்கே போகிறாள்?

சந்தேகம் கறையான் மாதிரி. ஒரு இடத்தில் தெரிந்தால் உள்ளே பத்து இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை நாளும் கண்ணில் பட்டு மனதில் படாததெல்லாம் இப்போது வரிசை கட்டி வந்தன. கொஞ்ச நாளாக நாத்தனார் போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் ஏதோ காகிதங்கள். யாராவது பக்கத்தில் வந்தால் பையை மூடிவிடுகிறாள். போன வாரம் அவள் செருப்பில் சிமெண்டுத் தூசி அப்பியிருந்தது. அலுவலகத் தரையில் சிமெண்டு ஏது? பழைய புருஷன் மறுபடியும் வந்து நிற்கிறானா? இல்லை, வேறு யாராவதா? எதுவாக இருந்தாலும் வேலை நேரத்தில் அப்படிப் போகலாமா? தெரியாத மாதிரி இருங்கள் என்று அன்றைக்குச் சொன்னது இதற்குத்தானா?

சாயங்காலம் நாத்தனார் வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் ஏணியக்கா காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"மதியம் சீட்டை விட்டு எங்கம்மா போற?"

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். மெமோ அவள் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

"இதைக் கேக்கறது யாரு? அண்ணியா, ஆபீசா?"

"ரெண்டும் ஒண்ணுதானே இப்ப."

"அப்ப ஆபீசுக்கு என்ன சொன்னேனோ அதையேதான் உங்களுக்கும் சொல்வேன். நான் எங்கயும் போகலை. சீட்டுலதான் இருந்தேன்."

"மெஷின் அப்படிச் சொல்லலையே."

"மெஷினை ஒட்டினது நீங்கதானே. அது உங்க பேச்சைத்தான் கேக்கும்."

"நீ அங்கதான் இருந்தேன்னு சொல்ல யாராவது இருக்காங்களா? பக்கத்து சீட்டுக்காரர் சொல்லமாட்டாரா?"

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உதட்டை மடித்துக்கொண்டாள். "அவரை இதுல இழுக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. ஓங்கிச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது ஏணியக்காவுக்கு. அவரை ஏன் இழுக்க வேண்டாம்? சந்தேகம் இன்னொரு படி ஏறியது.

கூடத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டும் கேட்காதவராக இருந்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்று தெரிந்தவர். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்.

"அவ பொய் சொன்னா காது சிவந்திடும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். நீ காதைப் பாத்தியா?"

"காயைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் அவள் எரிச்சலோடு.

மறுநாள் காலை ஏணியக்கா நான்காவது மாடிக்குப் போய் அந்தச் சென்சாரைக் கழற்றி, துடைத்து, மாட்டி, நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தாள். கைபேசியில் அந்த மேசையின் கட்டம் பச்சை. எழுந்தாள், சாம்பல். உட்கார்ந்தாள், பச்சை. பத்து தடவையும் பிசகவில்லை. நல்ல பிள்ளை மாதிரி வேலை செய்தது. அந்த நல்ல பிள்ளையைப் பார்க்க அவளுக்கு அழுகையாக வந்தது. அது சரியென்றால் நாத்தனார் பொய்.

வியாழக்கிழமை விடிந்ததும் மொட்டைமாடிக் கொடியில் துணி உலர்த்தப் போனாள். வானம் மூடிக் கிடந்தது. வீட்டுக்காரரின் வேலைச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்குக் காய்ந்த மாதிரிதான் என்று நினைத்தாள். போன வாரமும் இதே கதை. புதனும் வியாழனும் துணி காயாமல், ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறாயா என்று அவர் புலம்பினார்.

சட்டையை அப்படியே வாளியில் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். பதினைந்து வேலை நாள். பன்னிரண்டு நாள் மதியம் சாம்பல். மூன்றே மூன்று நாள் மட்டும் நாள் முழுக்கப் பச்சை. அதில் இரண்டு, போன வாரப் புதனும் வியாழனும். மூன்றாவது நாள் அதற்கு முந்தின திங்கள். அன்று மழையில் குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

வெயில் இல்லாத நாளில் மட்டும் நாத்தனார் சீட்டில் இருக்கிறாள்.

நாற்பத்தேழாம் மேசை மேற்கு மூலையில் இருக்கிறது. பக்கத்தில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அந்த மூலைக்கு ஏசிக் காற்று எட்டாது. குறுக்கே ஆள் உயரத்துக்குக் கோப்பு அலமாரி. மதியம் இரண்டு மணிக்குமேல் சூரியன் அந்தக் கண்ணாடி வழியே நேராக மேசைக்கு அடியில் இறங்கும். நாற்காலியும் மேசையின் தகரத் தட்டியும் ஆளின் மடியும் ஒரே சூடாகிவிட்டால், சூட்டு வித்தியாசத்தை மட்டுமே பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு ஆள் எங்கே, நாற்காலி எங்கே? அவள் எல்லா மேசையையும் காலையில் சோதித்தாள். ஒரு மேசையைக்கூட மதியத்தில் சோதிக்கவில்லை.

கோளாறு பெட்டியில் இல்லை. தன் வேலையில்.

நல்லவேளையாகப் பதினோரு மணிக்கெல்லாம் மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டரை மணிக்கு ஏணியக்கா நான்காவது மாடியில் இருந்தாள். அலமாரியைச் சுற்றி வந்தபோது நாத்தனார் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி ஒரு புகார்க் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். ஏணியக்கா கைபேசியைப் பார்த்தாள். நாற்பத்தேழு, சாம்பல்.

ஆள் கண்முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மெஷின் இல்லை என்கிறது.

ஏணியக்கா மேலாளரை அழைத்து வரச் சொல்லி ஆளனுப்பினாள். அவர் வந்தார். வரும்போதே முகம் சரியில்லை.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "இவங்க உங்க வீட்டுக்காரரோட தங்கச்சியாமே. எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே."

பக்கத்து மேசைகளில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. நாத்தனாரின் முகம் வெளிறியது. வேவு பார்க்கும் பெட்டியை ஒட்டினவளின் வீட்டு ஆள் என்று இத்தனை நாள் மறைத்தது ஒரு நொடியில் சந்தைக்கு வந்துவிட்டது.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார். மறைச்சது தப்புதான்."

"இப்ப வந்து கோளாறுன்னு சொன்னா நான் எப்படி நம்பறது?"

"என்னை நம்ப வேண்டாம். அவளையும் நம்ப வேண்டாம். நீங்களே உக்காந்து பாருங்க."

நாத்தனார் எழுந்து நின்றாள். மேலாளர் தயங்கினார், நாலு பேர் பார்க்கிறார்களே என்று உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நெளிந்தார். நாற்காலி தோசைக்கல் மாதிரி கொதித்தது. ஏணியக்கா கைபேசியை அவர் முன்னால் நீட்டினாள். சாம்பல். ஐந்து நிமிடம் ஆனது. கழுத்துப் பட்டை நனைந்தது. அப்போதும் சாம்பல்.

"நீங்க இப்ப இங்க இல்ல சார்" என்றாள் அவள்.

அலமாரிக்குப் பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

மேலாளர் சிரிக்கவில்லை. எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், கையை மேசைக்கு அடியில் நீட்டி ஆட்டினார். கட்டம் அசையவில்லை. அந்த இடைவெளியில்தான் ஏணியக்கா பக்கத்துக் கட்டத்தைக் கவனித்தாள். நாற்பத்தாறு. பளிச்சென்று பச்சை. ஆனால் முணுமுணுப்பின் நாற்காலியில் ஆள் இல்லை. ஒரு கம்பளிச் சட்டை மட்டும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் மடிப்பிலிருந்து சுடுதண்ணீர்ப் பையின் ரப்பர் மூடி எட்டிப் பார்த்தது. அலமாரி நிழல் விழும் மேசை அது. வெயில் பிரச்சினை கிடையாது.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. தினமும் மதியம் அந்த மனுஷர் பையை உட்கார வைத்துவிட்டு எங்கேயோ காலாறப் போகிறார். நாத்தனாருக்கிருந்த ஒரே சாட்சி அவர்தான். அந்தச் சாட்சி அந்த நேரத்தில் அங்கே இருந்ததே இல்லை. அதைச் சொன்னால் மெஷின் ஏமாறும் என்பது தெரிந்து தன் தலை தப்பும், ஆனால் அவர் தலை போகும் என்றுதான் நாத்தனார் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

ஏணியக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரும் பார்த்தாள். ஏணியக்காவின் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, திரையில் நாற்பத்தாறாம் கட்டத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

"என் தப்பு சார்" என்றாள் மேலாளரிடம். "காலையில மட்டும் சோதிச்சேன். மேற்குப் பக்கத்துல இருக்கற எந்த மேசைக் கணக்கையும் நம்ப முடியாது. எழுதிக் குடுத்துடறேன்."

"உங்க கம்பெனிக்கு இது நல்லதில்லையே."

"தெரியும் சார்."

எழுதியும் கொடுத்தாள். கோளாறு இல்லை என்று அச்சடித்திருந்த படிவத்தின் பின்பக்கத்தில், மேற்கு வெயில் படும் ஒன்பது மேசைகளின் எண்களை வரிசையாகப் போட்டாள். கீழே இன்னொரு வரியும் சேர்த்தாள்: சுற்றியிருப்பதைவிடச் சூடான எந்தப் பொருளையும் இது ஆள் என்று எடுத்துக்கொள்ளக்கூடும், ஆகவே தனி ஆட்களைக் கணக்கெடுக்க இது உதவாது. எந்த மேசை என்று அந்த வரியில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை நடக்கவில்லை. மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக நாத்தனாருக்கு ஒன்றரை வரியில் கடிதம் வந்தது. வருத்தம் என்ற சொல் அதில் இல்லை. பெயர்ப் பட்டியலை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருப்பதாக மேலாளர் போனில் சொன்னார். இப்போதைக்கு என்பதை இரண்டு முறை சொன்னார். ஏணியக்காவின் கம்பெனி அடுத்த கட்டட வேலைக்கு வேறு ஆளை அனுப்பியது. அவளைப் பழையபடி விசிறி மாட்டவும் சுவிட்ச் மாற்றவும் விட்டார்கள்.

நான்காவது மாடியில் மட்டும் பேச்சு ஓயவில்லை. மெஷின் சரியாகத்தான் இருந்தது, அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து வெயில் அது இதென்று நாடகம் ஆடிவிட்டார்கள் என்று ஒரு கட்சி. இல்லை, மேலாளரே சேர்ந்து ஆடிய நாடகம் என்று இன்னொரு கட்சி. முணுமுணுப்பு எந்தக் கட்சியிலும் சேராமல், முன்னைவிட மெதுவாக முணுமுணுத்தார்.

இதெல்லாம் பிறகு நடந்தது. எழுதிக் கொடுத்த அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணியும் நாத்தனாரும் முதல் தடவையாக ஒன்றாகக் கட்டட வாசலைத் தாண்டினார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபிறகு நாத்தனார் கேட்டாள்.

"நீங்களும் நம்பினீங்க இல்ல அண்ணி?"

ஏணியக்காவுக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. சொல்லியிருக்கலாம், நாத்தனாரும் நம்பியிருப்பாள்.

"ரெண்டு நாள் நம்பினேன்."

நாத்தனார் தலையசைத்தாள். கோபமாகத் தெரியவில்லை. பையைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு வாடகை ஒப்பந்தம். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கட்டி முடித்தும் முடிக்காததுமாக ஒரு கட்டடத்தில், ஒற்றை அறையும் சமையலறையும்.

"சனிக்கிழமை லீவுல போய்ப் பார்ப்பேன். ஆபீஸ் நேரத்துல போகலை."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"அண்ணன் வேண்டாம்னு சொல்வார். நீங்க சரின்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."

ஏணியக்கா ஒப்பந்தத்தை ஒரு முறை படித்தாள், மறுபடியும் படித்தாள். தேதி மேல் மூலையில் இருந்தது. அது சனிக்கிழமைதானா என்று பார்க்கக் கண் போனது. பார்க்காமலே மடித்து உறையில் வைத்தாள்.

"அந்த அறையில மின்சார வேலை யாரு பண்றா?" என்று கேட்டாள்.

"யாரோ ஒருத்தர். சுவிட்ச் போட்டா பொறி பறக்குது."

"நாளைக்கு வந்து பாக்கறேன். நீ அதைத் தொடாதே."

பேருந்து வந்தது. உட்கார ஒரே ஒரு இடம்தான் இருந்தது. நீ உட்காரு, நீங்க உக்காருங்க என்று இருவரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் வந்து அதில் உட்கார்ந்துவிட்டார்.